கடிபட்ட நாட்டுக்கோழிக்கு முதலுதவியும் காயப் பராமரிப்பும்

நாய், கீரி, பூனை, மரநாய், பருந்து போன்றவற்றிடம் சிக்கி உயிருடன் மீண்ட கோழிக்கு முதல் சில மணி நேரத்தில் செய்ய வேண்டிய உதவியும், அதைத் தொடர்ந்து இரண்டு மூன்று வாரங்கள் செய்ய வேண்டிய காயப் பராமரிப்பும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் புறக்கடைக் கோழிகள் பகலில் தோட்டத்திலும் தெருவோரத்திலும் மேய்ந்து, மாலையில் கூட்டிலோ பஞ்சாரத்திலோ அடைகின்றன. அதனால் மேயும்போது நாயும் பருந்தும் கீரியும், அடைந்த பின் மரநாயும் அவற்றைத் தாக்குகின்றன. பத்துக் கோழி வைத்திருக்கும் வீட்டில் முட்டையிடும் பெட்டை ஒன்று சாவது, முட்டை வருமானத்தோடு அடுத்த ஈட்டுக் குஞ்சுகளையும் இழப்பதாகும்.

கடிபட்ட கோழிகளில் பல, பார்ப்பதற்குப் பெரிதாகத் தெரியும் காயத்தால் சாவதில்லை. முதல் நாளில் அதிர்ச்சியும் இரத்த இழப்பும் கொல்கின்றன. இரண்டாம், மூன்றாம் நாளில் இறகுக்குள் மறைந்திருந்த பல் துளையில் பெருகிய கிருமிகளும், காயத்தில் ஈ வைத்த புழுக்களும் கொல்கின்றன. மற்ற கோழிகள் காயத்தைக் கொத்துவதாலும் சில சாகின்றன. இவை மூன்றும் வீட்டிலேயே பெருமளவு தடுக்கக்கூடியவை. ஆகவே சிகிச்சையில் வரிசை முக்கியம். முதலில் கோழியை நிலைப்படுத்த வேண்டும். காயத்துக்கு மருந்திடுவது அதற்குப் பிறகுதான்.

தாக்கிய விலங்கும் காயத்தின் தன்மையும்

எந்த விலங்கு தாக்கியது என்று தெரிந்தால் காயத்தை எங்கே தேடுவது என்பதும் தெரியும்.

நாய்: கவ்விப் பிடித்து உதறும். முதுகிலும் வால் அடியிலும் தோல் பெரிதாகக் கிழியும். வெளிக்காயம் சிறிதாக இருந்தாலும் உள்ளே தசை நசுங்கியிருக்கலாம். விலா எலும்பு முறிந்திருக்கலாம்.

பூனை, காட்டுப்பூனை: ஊசி குத்தியது போன்ற சிறு துளைகள்தான் இருக்கும். ஆனால் துளை ஆழமானது. பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்னும் பாக்டீரியா இயல்பாகவே வாழ்கிறது. அது கோழியின் இரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் சாவு நேரலாம்.

கீரி, மரநாய்: தலை, பிடரி, கழுத்து ஆகிய இடங்களைக் கடிக்கும். கீரி பெரும்பாலும் பகலில் வரும். மரநாய் இரவில் வரும்.

பருந்து, வல்லூறு: குஞ்சுகளைத் தூக்கும். வளர்ந்த கோழியைத் தாக்கினால் முதுகிலும் தலையிலும் நகத் துளைகள் இருக்கும்.

பெருச்சாளி: இரவில் உறங்கும் கோழியின் கால் விரலையும், அடைகாக்கும் கோழியின் அடிப்பகுதியையும் கடிக்கும். காலையில் கூட்டில் இரத்தத்தைப் பார்த்த பிறகே தெரியவரும்.

கோழியின் உடலமைப்பும் சிகிச்சையும்

ஆடு மாடுகளுக்குச் செய்யும் சிகிச்சையை அப்படியே கோழிக்குச் செய்ய முடியாது. அதற்கு அதன் உடலமைப்பே காரணம்.

கோழிக்கு மூச்சுவிட உதவும் உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைவதால்தான் அது மூச்சுவிடுகிறது. மார்பை இறுக்கிப் பிடித்தாலோ கட்டுத்துணியை மார்பைச் சுற்றி இறுக்கினாலோ மூச்சு நின்றுவிடும்.

நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகள் கழுத்தடி முதல் வயிறு வரை பரவியுள்ளன. மேல் இறக்கை எலும்பின் உள்ளேயும் காற்று செல்கிறது. முதுகு அல்லது விலாப் பக்கத்துத் துளை காற்றுப்பை வரை சென்றிருந்தால், அதில் ஊற்றும் நீர் மூச்சு மண்டலத்துக்குள் போய்விடும்.

கோழியின் தோல் மெல்லியது. உடலோடு தளர்வாகவே ஒட்டியிருக்கிறது. அதனால் எளிதில் கிழிந்து பயமுறுத்தும் அளவுக்கு விரியும். ஆனால் இறைச்சியும் எலும்பும் சேதமாகாத தோல் கிழிசல், சுத்தமாக வைத்திருந்தால் நன்றாகவே ஆறும்.

கோழியின் சீழ் நீர்போல வழிவதில்லை. பாலாடைக்கட்டி போல இறுகிக் கட்டியாகிவிடும். ஆகவே சீழ் வடியவில்லை என்பதால் காயத்தில் கிருமி இல்லை என்று எண்ணக் கூடாது. தோலுக்கடியில் கடினமான வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கோழி தன் நோவை மறைக்கும். கூட்டத்தில் பலவீனமாகத் தெரிந்தால் கொத்து வாங்கும் என்பதால், முடிந்த வரை நின்றுகொண்டும் கொத்திக்கொண்டும் இருக்கும். வெளிப்படையாகச் சோர்ந்து உட்காரும்போது நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கும்.

முதல் ஒரு மணி நேரம்

தாக்குதலுக்குப் பின் கோழி சில நேரம் கண்ணை மூடி, கழுத்தைத் தொங்கப் போட்டு, செத்ததுபோலக் கிடக்கும். பிடிபட்ட பறவையிடம் இயல்பாகத் தோன்றும் உறைநிலை இது. மூச்சு இருக்கிறதா என்று பார்க்காமல் தூக்கி எறியக் கூடாது. பல கோழிகள் சில நிமிடங்களில் கண் திறக்கும்.

கோழியை இரண்டு கைகளாலும் இறக்கையோடு சேர்த்து மெல்ல அணைத்துத் தூக்க வேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடக் கூடாது. ஒரு பழைய துணியைத் தலைமேல் போட்டால் இருட்டில் அது அமைதியடையும். அட்டைப்பெட்டியிலோ கூடையிலோ சாக்கு அல்லது துணி விரித்து, அதில் விட்டு, நிழலான, சத்தமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். நாயும் குழந்தைகளும் அங்கே வரக் கூடாது.

மயங்கிய கோழியின் மேல் குண்டானைக் கவிழ்த்து, அதைத் தட்டி எழுப்பும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. இதில் கோழிக்கு உதவுவது இருட்டு மட்டுமே. தட்டும் ஓசை அதன் பயத்தைக் கூட்டும்.

கோழியின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். அதிர்ச்சியில் இது குறையும். மழைக் காலத்திலும் மார்கழிக் குளிரிலும் கடிபட்ட கோழிக்கு வெதுவெதுப்பு தேவை. வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைக்கலாம். அல்லது 40 வாட் குண்டு பல்பைப் பெட்டியின் ஒரு மூலைக்கு மேல் தொங்கவிடலாம். சூடு அதிகமானால் விலகிப் போகப் பெட்டியில் இடம் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் பல்பு தேவையில்லை. அப்போது காற்றோட்டமான நிழலே போதும். வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம் என்று பொருள்.

இரத்தத்தை நிறுத்துதல்

கோழியின் உடலில் இரத்தம் அதன் எடையில் ஏறத்தாழ 6 முதல் 8 விழுக்காடு இருக்கும். ஒன்றரைக் கிலோ பெட்டைக்கு இது 100 மில்லிலிட்டர் அளவே; ஒரு சிறிய தேநீர்க் குவளை கொள்ளும் அளவு. ஆகவே சொட்டும் இரத்தத்தைச் சாதாரணமாக எண்ணக் கூடாது.

சுத்தமான துணியையோ காஸ் துணியையோ காயத்தின் மேல் வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றதா என்று இடையிடையே எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய இரத்தம் மீண்டும் பெருகும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தலாம். உடைந்த நகம், அலகு நுனி ஆகியவற்றில் கசியும் இரத்தத்துக்குச் சோளமாவைத் தொட்டு அழுத்தினால் போதும். தோல் கிழிந்த காயத்தில் மாவு, காப்பித்தூள், சாம்பல், செம்மண் எதையும் அப்பக் கூடாது. அவை காயத்துக்குள் தங்கிக் கிருமிக்கு இடமாகும்.

உடல் முழுவதும் சோதித்தல்

இரத்தம் நின்று கோழி சற்றுத் தெளிந்த பின், நல்ல வெளிச்சத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் பார்க்க வேண்டும். தெரிந்த ஒரு காயத்தோடு நிறுத்திவிடக் கூடாது. பல்லும் நகமும் பெரும்பாலும் இணையாகப் பதியும். ஒரு துளை இருந்தால் அதன் எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று இருக்கும். இறகுகளை எதிர்த்திசையில் ஊதியும், ஈரக் கையால் விலக்கியும் தலை முதல் வால் வரை தேட வேண்டும். இறக்கையின் அடியும் தொடையின் உட்புறமும் வால் அடியும் அடிக்கடி தவறவிடப்படும் இடங்கள்.

சோதிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

கொண்டையின் நிறம். வெளிறியிருந்தால் இரத்த இழப்பு. நீலம் பாய்ந்திருந்தால் மூச்சு அல்லது இரத்த ஓட்டத்தில் தடை.

மூச்சு. வாயைத் திறந்து, வாலை ஆட்டி ஆட்டி மூச்சுவிட்டால் நெஞ்சுக்குள் பாதிப்பு இருக்கலாம்.

தோலடிக் காற்று. தோல் பலூன்போல உப்பி, தொட்டால் நறநறவென்று இருந்தால் காற்றுப்பை கிழிந்து காற்று கசிகிறது.

தீனிப்பை. கழுத்தடிக் காயத்திலிருந்து தானியமோ குடித்த நீரோ வெளிவந்தால் தீனிப்பை கிழிந்திருக்கிறது. இதை மருத்துவரே தைக்க வேண்டும்.

நடையும் இறக்கையும். ஒரு இறக்கை தொங்கினாலோ காலை ஊன்றாவிட்டாலோ முறிவு இருக்கலாம். இரண்டு கால்களும் செயலிழந்திருந்தால் முதுகெலும்பு பாதிக்கப்பட்டிருக்கலாம்.

காயத்தைக் கழுவுதல்

காயத்தைச் சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரியால் ஒட்ட வெட்ட வேண்டும். பிடுங்கக் கூடாது, கிழிந்த தோல் இன்னும் கிழியும், இரத்தமும் வரும். தண்டில் இரத்தம் ஓடும் இளம் இறகுகளை வெட்டாமல் விலக்கிவிட வேண்டும். வெட்டும் இறகு காயத்துக்குள் விழாமலிருக்க, முதலில் காயத்தின் மேல் ஈரத்துணியை வைத்துக்கொள்ளலாம்.

கழுவ உப்புநீரே சிறந்தது. கொதித்து ஆறிய 1 லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு கலந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் சலைனுக்கு நிகரான நீர் கிடைக்கும். உப்பைக் கூட்டினால் எரிச்சலே மிஞ்சும். வெதுவெதுப்பாக்கிய உப்புநீரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் காயத்தின் மேல் பீய்ச்சிக் கழுவ வேண்டும். மண், இறகு, இரத்தக்கட்டி எல்லாம் நீங்கும் வரை திரும்பத் திரும்பக் கழுவலாம். நன்றாகக் கழுவிய காயம் பாதி ஆறியதற்குச் சமம்; பிறகு இடும் எந்த மருந்தும் கழுவாத குறையை ஈடுசெய்யாது.

முதுகிலும் விலாவிலும் உள்ள ஆழமான துளைகளுக்கு நீரைப் பீய்ச்சக் கூடாது. நனைத்த துணியால் மேலாகத் துடைத்தால் போதும். கோழி முழுவதையும் நீரில் முக்கிக் குளிப்பாட்டுவதும் கூடாது. நனைந்த இறகு உடல் சூட்டைக் காக்காது.

எந்த மருந்தை இடலாம்

கழுவிய பின் பொவிடோன் அயோடின் கரைசலை நீர்த்துத் தடவலாம். கடையில் கிடைக்கும் 10 விழுக்காட்டுக் கரைசல் ஒரு பங்குக்கு ஆறிய நீர் ஒன்பது பங்கு சேர்த்தால் வெளிர்த் தேநீர் நிறம் வரும். இந்த அளவே போதும். வெட்டவெளியாகத் தெரியும் மேலோட்டமான காயத்துக்கு வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளை மெல்லிய பூச்சாக இடுவது ஊர்ப்புறத்தில் நெடுங்கால வழக்கம். வேப்பெண்ணெயின் வாடை ஈயையும் ஓரளவு விலக்கும். ஆனால் ஆழமான துளையில் மஞ்சளை அடைத்தால் மேற்புறம் மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டும். எண்ணெயை வழிய வழியப் பூசினால் சுற்றியுள்ள இறகுகள் ஒட்டிக் குளிர் தாக்கும்.

இடக் கூடாதவை:

மண்ணெண்ணெய், டர்பன்டைன், பினாயில், பழைய எஞ்சின் எண்ணெய். இவை மெல்லிய தோலைப் பொசுக்கும். உடலுக்குள் உறிஞ்சப்பட்டு நஞ்சாகும்.

ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு. இவை கிருமியோடு ஆறிவரும் புதிய தசையையும் அழிக்கும்.

மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் போன்ற மருந்து கலந்த மனிதக் களிம்புகள். அளவு சற்று மிஞ்சினாலும் சிறு பறவைக்கு ஆபத்து.

மனிதர்களுக்கான வலி மாத்திரைகள். குறிப்பாக டைக்ளோஃபினாக் பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கழுகுகள் பெருமளவில் மாண்டதற்கு இதுவே காரணம் என்று தெரிந்து, கால்நடைகளுக்கு இதைப் பயன்படுத்த இந்தியாவில் 2006இல் தடை விதிக்கப்பட்டது.

காயத்தைத் தைக்கலாமா?

பல் பட்ட காயத்தை வீட்டில் தைக்கவோ பசையால் ஒட்டவோ கூடாது. பல்லோடு உள்ளே சென்ற கிருமிகளை உள்ளேயே வைத்து மூடியதாகிவிடும். துளைக் காயம் அடியிலிருந்து மேல்நோக்கி ஆற வேண்டும். அதுவரை வாய் திறந்தே இருக்கலாம். தோல் பெரிதாகக் கிழிந்து, தசை வெளியே தெரிந்தால், அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்வது நல்லது. தைக்க வேண்டுமா, திறந்தே விடுவதா என்பதை அவர் முடிவுசெய்வார். போகும் வரை காயம் உலராமல் உப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மூடி வைக்க வேண்டும்.

ஈயும் புழுவும்

வெப்பமான ஊர்களில் கடிபட்ட கோழிக்கு இரண்டாவது எதிரி ஈ. இரத்த வாடைக்கு வந்து காயத்தின் ஓரத்திலும் இரத்தம் காய்ந்த இறகிலும் முட்டையிடும். முட்டைகள் வெளிர் மஞ்சள் நிறத்தில் நொய்யரிசிக் குவியல்போல இருக்கும். வெயில் காலத்தில் அவை ஒரு நாளுக்குள் பொரித்துப் புழுவாகும். புழுக்கள் தோலுக்கடியில் புகுந்து தசையைத் தின்னும். காலையில் நன்றாக இருந்த கோழி மறுநாள் தளர்ந்து, காயத்தில் கெட்ட வாடை வீசுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

எனவே கோழியைக் கொசுவலைக்குள் வைக்க வேண்டும். பழைய கொசுவலைத் துண்டைப் பஞ்சாரத்தின் மேல் போர்த்தி, விளிம்பைச் செங்கல்லால் அழுத்தினாலே போதும். காயத்தைக் காலையும் மாலையும் பார்க்க வேண்டும். முட்டை தெரிந்தால் இறகோடு வெட்டி எடுத்துவிடலாம். புழு இருந்தால் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, உப்புநீரால் கழுவி, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். உள்ளே இருந்தவை மேலே வந்திருக்கும். மாட்டுக்கு இடும் புழுக்கொல்லித் தெளிப்பானைக் கோழிக்கு அடிக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

தனித்து வைத்தலும் தீனியும்

சிவப்பு நிறம் கண்ட இடத்தைக் கொத்துவது கோழியின் இயல்பு. உடன் வளர்ந்த கோழிகளே ஆனாலும் காயத்தைக் கொத்திப் பெரிதாக்கிவிடும். ஆகவே காயம் மூடி, சிவப்பு மறையும் வரை தனியே வைக்க வேண்டும். ஆனால் முற்றிலும் ஒதுக்கிவிட்டால் கூட்டம் அதை மறந்துவிடும். திரும்பச் சேர்க்கும்போது புதுக்கோழியைப் போல விரட்டும். மற்றவை மேயும் இடத்தருகே பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் பார்வையும் இருக்கும், பாதுகாப்பும் இருக்கும்.

தரையில் தினமும் மாற்றக்கூடிய துணியோ செய்தித்தாளோ விரிப்பது நல்லது. மரத்தூளும் உமியும் காயத்தில் ஒட்டும். வெளிர் நிறத் தாளில் எச்சம் தெளிவாகத் தெரியும் என்பதும் ஒரு பயன்.

முதல் நாளில் தீனியைவிட நீரே முக்கியம். 1 லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்த கரைசலை முதல் நாள் கொடுக்கலாம். மறுநாள் முதல் வெறும் நீர் போதும். கோழியின் வாயைப் பிளந்து நீர் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே இருப்பதால் நீர் நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் தானே நக்கி விழுங்கும். தலையை நிமிர்த்த முடியாத கோழிக்கு எதையும் புகட்டக் கூடாது.

தெளிந்த பின் குழைந்த சோறு, ஊறவைத்த கம்பு, வேகவைத்து மசித்த முட்டை ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். காயம் ஆறப் புரதம் தேவை. அதற்கு முட்டை எளிதான வழி. எச்சம் பச்சையாக நீர்த்துப் போனால் கோழி தின்னவில்லை என்று பொருள். வெறும் பித்தநீர்தான் வெளிவருகிறது.

எலும்பு முறிவு

தொங்கும் இறக்கையை இயல்பாக மடித்த நிலையில் வைத்து, மெல்லிய துணிப்பட்டையால் உடலோடு சேர்த்துக் கட்டலாம். மற்ற இறக்கை விடுபட்டிருக்க வேண்டும். கட்டுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். காலின் கீழ்ப்பகுதி முறிவுக்கு ஐஸ்கிரீம் குச்சியை இரு பக்கமும் வைத்துப் பஞ்சு சுற்றிக் கட்டலாம். பறவை எலும்பு விரைவில் கூடும். மூன்று வாரத்தில் கட்டை எடுக்கும் நிலை வரலாம். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் வீட்டு வைத்தியம் கூடாது.

நாள்தோறும் எதிர்பார்க்க வேண்டியவை

முதல் 24 மணி நேரத்தைக் கடந்த கோழிக்கு நம்பிக்கை உண்டு. இரண்டாம், மூன்றாம் நாளில் காயம் கெடுகிறதா என்பது தெரியும். ஓரம் கறுத்தல், நாற்றம், கடினமான வீக்கம், கொண்டை கருநீலமாதல், தீனி மறுத்தல் ஆகியவை கெட்ட அறிகுறிகள். காயத்தைச் சுற்றித் தோல் பச்சையாக மாறுவதைக் கண்டு பலர் அழுகல் என்று அஞ்சுவர். கோழியின் தோலில் கன்றிய காயம் ஓரிரு நாளில் பச்சையாகத் தெரிவது இயல்பு. நாற்றமும் ஈரக்கசிவும் இல்லாவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை.

ஒரு வாரத்தில் காயத்தின் அடியில் இளஞ்சிவப்பான புதிய தசை தோன்றும். பிறகு பொருக்குக் கட்டும். பொருக்கைப் பிய்க்காமல், கசிவு இல்லாவிட்டால் கழுவுவதையும் குறைக்கலாம். வேரோடு பிடுங்கப்பட்ட இறகு சில வாரங்களில் முளைக்கும். நடுவில் முறிந்த இறகும் வெட்டிய இறகும் அடுத்த இறகுதிர் காலம் வரை அப்படியே இருக்கும். முட்டையிடும் பெட்டை சில வாரங்கள் முட்டையை நிறுத்தும். தாக்குதலின்போது வயிற்றுக்குள் முட்டை உடைந்திருந்தால் வயிறு வீங்கி, பென்குவின்போல நிமிர்ந்து நிற்கும். அப்போது உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருத்துவரும் மருந்தும்

பூனை கடித்த கோழி, மூச்சுத் திணறும் கோழி, தீனிப்பை கிழிந்த கோழி, இரண்டாம் நாளும் தின்னாத கோழி ஆகியவற்றை அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம்.

நுண்ணுயிர்க்கொல்லி தேவையா, எது, எத்தனை நாள் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். மாட்டுக்கு வாங்கி மீந்த ஊசி மருந்தை அளவு தெரியாமல் போடுவது கோழியைக் கொல்லலாம். மருந்து கொடுத்த கோழியின் முட்டையையும் இறைச்சியையும் எத்தனை நாளுக்கு உண்ணக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் இட்ட முட்டைகளை விற்கவும் கூடாது.

கையாளுபவரின் பாதுகாப்பு

வெறிநோய் பாலூட்டிகளைத் தாக்கும் நோய். கோழிக்கு அது வருவது மிக அரிது. ஆனால் கோழியின் இறகில் நாயின் எச்சில் ஈரமாக இருக்கும். கோழியை மீட்கப் போனவருக்கே கடியோ கீறலோ பட்டிருக்கும். கையுறை அணிந்து, இல்லாவிட்டால் நெகிழிப் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, கோழியைக் கையாள வேண்டும். நாய், கீரி, பூனை எதுவாயினும் மனிதரைக் கடித்தாலோ கீறினாலோ, அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கோழியைக் காப்பாற்றும் பரபரப்பில் தன் கையில் பட்ட சிறு கீறலை மறந்துவிடுவதே இதில் மிகப் பெரிய ஆபத்து.

பிழைக்க முடியாத கோழி

குடல் வெளியே சரிந்திருந்தாலோ, இரண்டு கால்களும் உணர்வின்றிக் கிடந்தாலோ, மூச்சுத் திணறல் நேரம் ஆக ஆகக் கூடினாலோ பிழைப்பது அரிது. அந்நிலையில் நாள்கணக்கில் வைத்திருப்பது கோழிக்கு வேதனையை மட்டுமே நீட்டிக்கும். பழக்கமுள்ளவர் விரைவாக அறுத்து முடிப்பதோ, மருத்துவரிடம் கொண்டுசெல்வதோ இரக்கமான முடிவு. தானாகச் செத்த கோழியையும், வெறிபிடித்தது என்று ஐயப்படும் விலங்கு கடித்த கோழியையும், மருந்து கொடுத்த கோழியையும் சமைக்கக் கூடாது. நாயும் நரியும் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

மீண்டும் கூட்டத்தில் சேர்த்தல்

காயம் முழுவதும் மூடி, கோழி ஓடியாடத் தொடங்கிய பின் மாலையில், மற்றவை அடையும் நேரத்தில் கூட்டில் விடுவது எளிது. மறுநாள் காலை கொத்துச் சண்டை நடக்கிறதா என்று அருகிலிருந்து பார்க்க வேண்டும்.

ஒருமுறை கோழியை ருசித்த விலங்கு அதே வழியில் திரும்ப வரும். ஆகவே சிகிச்சை நடக்கும் நாட்களிலேயே கூட்டைச் சரிசெய்வதும் அவசியம். அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை அடித்து, அதன் கீழ் விளிம்பை ஓரடி ஆழம் மண்ணில் புதைத்தால் கீரியும் பெருச்சாளியும் தோண்டி நுழைவது தடைபடும். கதவை இருட்டும் முன் சாத்த வேண்டும். விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் தீர்வல்ல. கீரி, மரநாய், காட்டுப்பூனை ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. வைத்த விஷத்தை முதலில் தின்பதும் பெரும்பாலும் வீட்டு நாயும் மேயும் கோழியுமே.

உப்பு, காஸ் துணி, ஊசியில்லாத சிரிஞ்சு, பொவிடோன் அயோடின், இடுக்கி, சிறு கத்தரி, கொசுவலைத் துண்டு ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டுக் கூட்டருகே வைத்திருப்பது பெரிய செலவில்லை. கடிபட்ட கோழிக்கு முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். அந்த நேரம் இவற்றைத் தேடி அலைவதில் கழியக் கூடாது.